கைக்கு வராத காசுதான் மிஞ்சியது

பளைப் பக்கம் ஒரு தென்னந்தோட்டம். போன மாதக் கடைசிச் சனிக்கிழமை அங்கே சம்பள நாள். எங்கள் வன்னிக் கிளையில் இருந்து இரண்டு பேர் போயிருந்தோம். பல மாதம் பேசிப் பேசி, ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளர்களைப் பதிவு செய்யத் தோட்டத்து முதலாளியைச் சம்மதிக்க வைத்திருந்தோம். அவர் சம்மதித்த பிறகுதான் எங்களுக்கு உண்மையான வேலை தொடங்கியது. பதினான்கு பேர் வேலை செய்கிற இடம் அது. அன்றைக்கு "வேண்டாம்" என்று முதலில் சொன்னது எங்கள் ஆட்கள்தான்.

"தம்பி, வெட்டாம முழுசாத் தரச் சொல்லுங்க. வீட்டுல அஞ்சு பேரு. அம்பது வயசுல வாற காசை நம்பி இன்னைக்கு அரிசி வாங்க ஏலுமா?" என்று கேட்டார் தேங்காய் உரிக்கிற அக்கா ஒருவர். அலவாங்கைக் கீழே வைக்காமலே கேட்டார்.

நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. அவருடைய நாட்சம்பளம் 1,200 ரூபா. அதில் 8 வீதம் 96 ரூபா. அந்த 96 ரூபாவுக்கு, அவர் நாள் முழுக்க உரிக்கிற தேங்காயில் ஒன்றைக்கூடக் கடையில் வாங்க முடியாது. ஆனாலும் அது வீட்டுக்குப் போகாமல் நின்றால் வீட்டில் தெரியும். இதைத் தெரியாதவர்கள்தான் "சிறுகச் சிறுகச் சேமியுங்கள்" என்று மேடையில் பேசுகிறார்கள்.

அந்த அக்காவுக்குப் பதில் சொல்வதற்கு முன் எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022 ஆம் ஆண்டு. மண்ணெண்ணெய்க்கு வரிசை, காஸுக்கு வரிசை, பாண் விலை கிழமைக்கு ஒன்று. அந்த நேரம் இரண்டு தோட்டங்களில் "இப்போதைக்குச் சேமலாப நிதிக்கு வெட்ட வேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையில் கொடுங்கள்" என்று முதலாளிமாரிடம் போய்க் கேட்டது வேறு யாருமில்லை, எங்கள் கிளைதான். தொழிலாளர்கள் கேட்டார்கள், நாங்கள் கொண்டுபோனோம். முதலாளிமார் ஒரு பேச்சும் பேசாமல் சம்மதித்தார்கள். ஏன் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தார்கள் என்று அன்றைக்கு நாங்கள் யோசிக்கவில்லை.

இப்போது கணக்குப் பார்க்கிறோம். ஒரு தொழிலாளிக்கு மாதம் 20,000 ரூபா என்று குறைத்தே வைப்போம். தொழிலாளியின் 8 வீதம் 1,600. முதலாளியின் 12 வீதம் 2,400. நான்கு வருடம், அதாவது 48 மாதம். தொழிலாளி கையில் வாங்கிச் செலவழித்தது 76,800 ரூபா. அவருடைய கணக்குக்கு முதலாளி போட்டிருக்க வேண்டியது, போடாமல் தன் பையில் வைத்துக்கொண்டது 115,200 ரூபா. எங்கள் ஆட்களுக்கு உதவி செய்வதாக நினைத்து, ஆளுக்கு ஒரு இலட்சத்துக்கு மேல் முதலாளிக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். ஊழியர் நம்பிக்கை நிதிக்குப் போக வேண்டிய 3 வீதத்தை இதில் சேர்க்கவில்லை.

இந்தக் காசு இன்னும் செத்துப்போகவில்லை. அதைப் பிறகு சொல்கிறோம்.

சம்பளம் பற்றி முதலில். குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,200 ரூபா, மாதத்துக்கு 30,000 ரூபா என்று சட்டத்தில் இருக்கிறது. மலையகத்து உறவுகளுக்கு 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாவும் வருகைக்கு 200 ரூபாவும் சேர்த்து 1,750 என்று சொன்னார்கள். காதுக்கு நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதம் 25 நாள் வேலை இருக்கிறவருக்குத்தான் அந்தக் கணக்குப் பொருந்தும். வன்னியில் எங்களுக்கு எத்தனை நாள் வேலை? ஒக்டோபரில் மழை பிடித்தால் தை பிறக்கும்வரை தோட்டத்தில் குழி வெட்டவும் முடியாது, களை பிடுங்கவும் முடியாது. தேங்காய்ப் பறிப்பு முடிந்தால் அடுத்த பறிப்புவரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நடுவில் வயல் வேலை, மிளகாய்த் தோட்டம், கல் அரிகிற வேலை என்று எதற்கும் ஓடுகிறோம். 14 நாள் வேலை கிடைத்தால் 16,800 ரூபா. கடைக் கொப்பியில் இருக்கிற கடன், பிள்ளைகளின் பாடசாலைச் செலவு, கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற பஸ் காசு, செத்த வீடு, சாமத்திய வீடு. போன நவம்பரில் டித்வா புயல் வந்தபோது வெள்ளம் புகுந்த வீடுகளில் மெத்தையும் நனைந்தது, மாவும் நனைந்தது, அலுமாரியில் மடித்து வைத்த ஐயாயிரமும் நனைந்த சாமானைத் திரும்ப வாங்கவே போய்விட்டது.

குடிக்கிற காசையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். ஆம்பிளைகள் எங்களோடு கோபிக்கக் கூடாது. சில வீடுகளில் சேமலாப நிதிக்குப் போகிற 96 ரூபாவைப் பற்றிக் கடுமையாகப் பேசுகிறவர், பொழுதுபட்டதும் அதைவிடக் கூடுதலான காசை எங்கே கொடுக்கிறார் என்று வீட்டுக்காரிக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் வறுமைக்குக் குடிதான் காரணம் என்று சொல்கிறவர்களோடு நாங்கள் ஒத்துப்போகவில்லை. ஒரு துளி குடிக்காத வீடுகளிலும் அறுபது வயதில் கையில் ஒன்றும் இல்லை.

எங்கள் சனம் சேமிக்காத சனமும் இல்லை. எங்கள் அம்மாமார், பாட்டிமார் எதில் சேமித்தார்கள் என்று பாருங்கள். காதில், கழுத்தில். பிறகு மாடு, ஆடு. பிறகு சீட்டு. பிறகு ஒரு துண்டுக் காணி. 1977 ஓகஸ்டில் மலையில் லயத்துக்குத் தீ வைத்தபோது மாட்டையும் கோழியையும் விட்டுவிட்டுத்தான் வவுனியாவுக்கு லொறி ஏறினோம். 1983 இல் இன்னொரு கூட்டம் வந்தது. 1984 இல் டொலர் பாம், கென்ட் பாமில் காடு வெட்டிப் பயிர் செய்தவர்களை அங்கிருந்தும் எழுப்பினார்கள். 1996 இல் கிளிநொச்சி நகரமே காலியானது. தர்மபுரம், பாரதிபுரம், சாந்தபுரம், ஜெயபுரம் என்று எங்கள் ஆட்கள் குடியிருந்த இடங்களில் இரண்டு தடவை, மூன்று தடவை வீடு கட்டாத குடும்பம் குறைவு.

கடைசியில் 2009. அதைப் பற்றி இங்கே விரித்து எழுதத் தேவையில்லை. காசைப் பற்றி மட்டும் சொல்கிறோம். உழவு இயந்திரம் வைத்திருந்தவர் அதை வழியில் விட்டார். சீட்டுப் பிடித்தவர் உயிரோடு இல்லை, சீட்டுக் கொப்பியும் இல்லை. தமிழீழ வைப்பகத்தில் நகையை அடகு வைத்தவர்கள் துண்டை மட்டும் வைத்திருந்தார்கள். அந்தப் பகுதிகளில் மீட்ட நகைகளை இராணுவம் 2025 மே மாதம் பொலிஸாரிடம் கையளித்ததாகச் செய்தி வந்தபோது, வட்டக்கச்சியில் ஒரு அம்மா பழைய துண்டை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். பதினாறு வருடம் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார். அவருக்குச் சேமிக்கத் தெரியாது என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

நுண்கடனும் இந்தக் கதையோடு சேர்ந்ததுதான். போர் முடிந்த கையோடு வீட்டு வாசலுக்கு வந்தார்கள். கிழமைக்கு ஒரு நாள் கூட்டம், கூட்டத்தில் காசு. வட்டி எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும். 2018 இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. வருட வட்டி 35 வீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று எல்லை போட வேண்டி வந்தது. எல்லையே 35 வீதம் என்றால் அதற்கு முன் எவ்வளவு இருந்திருக்கும்? எங்கள் பெண்கள் மழை என்றாலும் காய்ச்சல் என்றாலும் கிழமைக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று வருடக் கணக்காகக் கட்டினார்கள். அந்தக் கட்டுப்பாடு அத்தனையும் இன்னொருவனின் பெட்டியை நிரப்பப் போனது. கையில் இருக்கிற காசை அடுத்த கிழமைவரை வைத்திருக்க முடியாத வீட்டில், கடன்காரன் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறான். கேட்டு வாங்க ஆள் இருந்தால் காசு ஒதுங்கும் என்று அதில் இருந்து எங்களுக்கு விளங்கியது.

இனி ஒரு ஐயாவின் கதை. கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறார், எழுபது தாண்டிவிட்டது, இன்னும் தேங்காய் உரிக்கப் போகிறார். 1977 இல் வரும்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. பதினைந்து வயதில் தோட்டத்தில் பேர் பதிந்து, அரைப்பேர் முழுப்பேர் எல்லாம் பார்த்து, ஒன்பது வருடம் செக்ரோலில் இருந்தவர். சேமலாப அட்டையைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். பெட்டி மாத்தளனில் போனது. ஆனால் நம்பர் மனதில் இருந்தது. அவர் தோட்டத்தில் செக்ரோல் நம்பரும் சேமலாப நம்பரும் ஒன்றுதான். காலையில் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை கூப்பிட்ட நம்பரை நாற்பத்தேழு வருடம் கழித்தும் அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அந்த நம்பரை வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினோம். தோட்டத்துப் பதிவில் அவருடைய பேர் ஒரு மாதிரி. அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. ஆங்கிலத்தில் எழுதின கிளாக்கருக்குக் காதில் விழுந்தது ஒன்று, கையில் வந்தது ஒன்று. தகப்பன் பேரும் மாறியிருந்தது. வேலை செய்த காலத்தில் அவருக்கு அடையாள அட்டையே இல்லை. 1948 இல் பறித்த குடியுரிமை திரும்ப முழுசாக வர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. கிராம அலுவலரின் கடிதம், சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி, தொழில் அலுவலகத்துக்கு நடை. பதினொரு மாதம் பிடித்தது. காசு வந்தது.

பெரிய தொகை இல்லை. அந்தக் காலத்துச் சம்பளம் ஒரு நாளைக்குச் சில ரூபாதான். அதில் வெட்டினது சதக் கணக்கு. வங்கியில் எடுத்துக்கொண்டு வந்த அன்றே பேத்தியின் அடகு நகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் மூக்குக் கண்ணாடி செய்தார். "ஐயா, கொஞ்சமாவது உங்களுக்கு வைச்சிருக்கலாமே" என்றோம். "இது எனக்கு வைச்சிருந்ததுதானே தம்பி, இவ்வளவு நாளா" என்றார்.

மாடு, நகை, வீடு, உழவு இயந்திரம், சீட்டு எல்லாம் போன ஒரு மனிதருக்கு, அவர் கைக்கு ஒருநாளும் வராத காசு மட்டும் மிஞ்சியிருந்தது. கைக்கு வந்திருந்தால் அதுவும் 1977 லேயே போயிருக்கும். அவர் மனைவியும் அதே தோட்டத்தில் ஏழு வருடம் கொழுந்து எடுத்தவர். 2009 இல் இல்லாமல் போனார். அந்த அம்மாவின் கணக்கைப் பிள்ளைகள் கேட்கலாம். அந்தக் கடிதப் போக்குவரத்து இன்னும் நடக்கிறது.

பளையில் அந்த அக்காவுக்கு நாங்கள் சொன்ன பதில் இந்த ஐயாவின் கதைதான். பிறகு சட்டத்தைச் சொன்னோம்.

1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது ஊழியர் சேமலாப நிதியம். நிரந்தரமா, தற்காலிகமா, நாட்சம்பளமா, தேங்காய் எண்ணிக்கைக்குக் கூலியா என்று அது பார்ப்பதில்லை. வேலைக்கு நின்ற முதல் நாளில் இருந்து உரிமை. தொழிலாளி 8, முதலாளி 12, மொத்தம் 20 வீதம். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம் போட வேண்டும், அதில் எங்கள் பங்கு ஒரு சதமும் இல்லை. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடமாக இருந்தால் 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி சேவைக்காலப் பணம் உண்டு. ஐந்து வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு 14 நாள் சம்பளம். (பளையில் பதினான்கு பேர் என்று மேலே எழுதினோம். பதினைந்தாவது ஆளை எடுக்காமல் நிறுத்தி வைத்திருப்பது தற்செயல் என்று நாங்கள் நம்பவில்லை. அது வேறு சண்டை.)

மாதம் 25 நாள், 1,200 ரூபா வீதம் ஒருவர் வேலை செய்தால் சேமலாபத்துக்கு அவர் 2,400, முதலாளி 3,600, மொத்தம் 6,000 ரூபா. இருபது வருடத்தில், வட்டியும் சம்பள உயர்வும் சேர்க்காமலே, 1,440,000 ரூபா. நம்பிக்கை நிதி 216,000. சேவைக்காலப் பணம் இருந்தால் இன்னும் 336,000. வெட்ட வேண்டாம் என்று சொல்லி 2,400 ஐக் கையில் வாங்கி, ஒரு சதமும் செலவழிக்காமல் பானைக்குள் போட்டாலும் இருபது வருடத்தில் 576,000 தான். செலவழிக்காமல் போட முடியாது என்பதும் தெரிந்ததே. வேலை நாள் பாதியானால் இந்தத் தொகைகளும் பாதியாகும், அதை மறைக்கவில்லை. ஆனால் எத்தனை நாள் வேலை செய்தாலும் நீங்கள் 2 ரூபா போடும்போது முதலாளி 3 ரூபா போட வேண்டும். சீட்டிலும் கிடையாது, வங்கியிலும் கிடையாது இப்படி ஒரு கணக்கு.

மேலே சொன்ன எங்கள் தவறுக்கு மருந்தும் இந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. "எனக்குச் சேமலாபம் வேண்டாம்" என்று தொழிலாளி கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. சம்பளம் கொடுக்கும்போது 8 வீதத்தை வெட்டாமல் விட்ட முதலாளி, பிறகு அதைத் தொழிலாளியிடம் பிடிக்க முடியாது. 20 வீதத்தையும் அவரே கட்ட வேண்டும், பிந்தினதற்கு மேலதிகக் கட்டணமும் உண்டு. அந்த இரண்டு தோட்டத்து முதலாளிமாருக்கும் நாங்கள் இப்போது கடிதம் கொடுத்திருக்கிறோம். "நீங்கள்தானே அன்றைக்கு வந்து கேட்டீர்கள்" என்று ஒருவர் கோபப்பட்டார். கேட்டோம், பிழை. அதற்குத் தொழிலாளி தண்டம் கட்ட முடியாது.

இந்த நிதியத்தில் குறையே இல்லை என்று நாங்கள் சொன்னால் நீங்கள் எங்களை நம்பக் கூடாது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம். அந்த வருடத்துக்குச் சேமலாபத்துக்குக் கிடைத்த வட்டி 9 வீதம். இருபது வருடம் உழைத்துச் சேர்த்தவரின் காசு ஒரே வருடத்தில் எவ்வளவு கரைந்தது என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு மேல் 2023 ஜூலை முதலாந் திகதி பாராளுமன்றத்தில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை நிறைவேற்றினார்கள். வங்கிகள் வைத்திருந்த பிணைமுறிகளைத் தொடவில்லை. தொழிலாளரின் சேமலாப நிதியைத் தொட்டார்கள். 12 வீதத்தில் தொடங்கிப் பிறகு 9 வீதத்துக்கு இறங்குகிற நீண்டகாலப் பிணைமுறிகளை வாங்கிக்கொள், இல்லையென்றால் 14 வீத வரி 30 வீதமாகும் என்றார்கள். நாட்டின் கடனை யார் வாங்கினார்கள், யார் தலையில் கட்டினார்கள் என்று அன்றைக்கே தொழிற்சங்கங்கள் கேட்டன. இன்றைக்கும் கேட்கிறோம். எங்கள் காசை எங்கே போடுவது என்று முடிவெடுக்கிற மேசையில் எங்கள் ஆள் ஒருவர் இல்லை.

கட்டாமல் விடுகிற முதலாளிமாரில் அரசாங்கமும் ஒன்று. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் தொழிலாளரின் சேமலாப நிலுவையைக் கட்டாமல் வருடக் கணக்காக இழுத்தது பாராளுமன்றம்வரை போன விடயம். தனியார் தோட்டக்காரரைச் சட்டத்தின் பேரில் மிரட்ட நாங்கள் போகும்போது அவர்கள் முதலில் காட்டுவது இதைத்தான்.

பெண்களிடம் ஒன்று கேட்கிறோம். கலியாணத்தின் பேரில் வேலையை விட்டால் சேமலாபத்தை எடுக்கலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற எங்கள் பிள்ளைகள் பலர் அப்படித்தான் எடுக்கிறார்கள். ஐந்து வருடக் காசு மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது. எடுக்காமல் விட்டால் அது அங்கேயே வட்டியோடு கிடக்கும், பிறகு வேறு வேலைக்குப் போனால் தொடரலாம், ஐம்பது வயதில் கேட்கலாம். பெற்றோர்தான் இதில் யோசிக்க வேண்டும். அவசரம் என்றால் வேறு வழி இருக்கிறது. பத்து வருடம் கட்டி, கணக்கில் மூன்று இலட்சமாவது இருந்தால் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம்வரை இடையில் எடுக்கலாம்.

சேமலாபம் இல்லாதவருக்கு முதுமையில் வேறு என்ன இருக்கிறது? கமக்காரருக்கு 1987 இல் ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தார்கள். வன்னியில் எங்கள் ஆட்கள் சிலரும் சேர்ந்து கட்டினார்கள். நிதியில் காசு முடிந்து 2012 இல் நின்றது, 2014 இல் திரும்பத் தொடங்கியது. நின்ற காலத்தில் கட்டினவர்களின் நம்பிக்கையும் நின்றுபோனது. வறிய முதியவர்களுக்கு எழுபது வயதுக்கு மேல் அரசாங்கம் கொடுக்கிற மாதக் கொடுப்பனவு 2025 இல் 5,000 ரூபாவானது. அதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மாதம் நாலு நாள் சம்பளம் அது. ஓய்வு பெறுகிற வயது 60 என்று 2021 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எங்கள் சனத்தில் ஓய்வு பெற்ற ஆள் யார் என்று ஊருக்குள் கேட்டுப் பாருங்கள். வேலைக்குக் கூப்பிடாமல் விட்ட நாள்தான் ஓய்வு.

எங்களால் இன்னும் தீர்க்க முடியாத பிரச்சினை ஒன்று இருக்கிறது. மலையில் தோட்டம் ஒன்று, செக்ரோல் ஒன்று. நல்லதோ கெட்டதோ பேர் எழுதின புத்தகம் இருந்தது. அதனால்தான் அந்த ஐயாவுக்கு நாற்பத்தேழு வருடம் கழித்தும் காசு வந்தது. வன்னியில் திங்கள் ஒருவரின் தென்னந்தோட்டம், புதன் இன்னொருவரின் வயல், வெள்ளி வேறொருவரின் கச்சான். முதலாளியின் கொப்பியில் "2 பொம்பிளை, 1 ஆம்பிளை" என்று எழுதியிருக்கும். பேர் இல்லை. ஒவ்வொருவரும் தன் பங்குக்கு அந்த நாளுக்கான 20 வீதத்தைக் கட்ட வேண்டும் என்பது சட்டம். யாரும் கட்டுவதில்லை, கட்ட வைக்கவும் தொழில் அலுவலகத்தில் ஆள் போதாது.

கேரளாவில் இதற்கு ஒரு வழி பார்த்தார்கள். கள்ளுத் தொழிலாளருக்கு 1969 இலேயே தனியாக நலநிதிச் சட்டம் வந்தது. விவசாயக் கூலிகளுக்கு 1980 இல் ஓய்வூதியம் தொடங்கியது. இந்தியாவில் கட்டடத் தொழிலாளருக்கு, கட்டுகிற செலவில் இருந்து ஒரு வீதத்தை வரியாகப் பிடித்து நலநிதிக்குப் போடுகிறார்கள். எந்த முதலாளியிடம் எத்தனை நாள் நின்றார் என்ற கேள்வியே அதில் எழுவதில்லை. வடக்குத் தென்னை முக்கோணம் என்று ஒன்றை அறிவித்து, கன்று கொடுக்கிறார்கள், பசளை கொடுக்கிறார்கள். நல்லது. அந்த முக்கோணத்தில் இருந்து ஆலைக்குப் போகிற ஒவ்வொரு தேங்காயிலும் சில சதத்தை அதைப் பறித்தவருக்கும் உரித்தவருக்கும் ஒரு முதுமை நிதியாக ஒதுக்கச் சொல்லி நாங்கள் கேட்கிறோம். கேட்டவுடன் கிடைக்காது என்பது தெரியும். சேமலாபம்கூடக் கேட்டவுடன் வந்ததில்லை.

பளையில் அன்று பொழுதுபடும்வரை பேசினோம். பதினான்கு பேரில் ஒன்பது பேர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தேங்காய் உரிக்கிற அக்கா போடவில்லை. அவரோடு இன்னும் நாலு பேர். "சித்திரை மட்டும் பொறுங்க, அடகு ஒண்ணு திருப்பணும்" என்றார். சட்டம் பொறுக்கச் சொல்லவில்லை, முதலாளி பதினான்கு பேருக்கும் கட்டத்தான் வேண்டும். அதை அவருக்கும் சொன்னோம், முதலாளிக்கும் சொன்னோம். அந்த ஐந்து பேரின் 8 வீதத்தைச் சித்திரைவரை முதலாளியே சேர்த்துக் கட்டட்டும், பிறகு பிடிக்கக் கூடாது என்று எழுதிக் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் மலையில் ஒரு மாதமாவது செக்ரோலில் இருந்தவர்கள், அல்லது உங்கள் அம்மா அப்பா இருந்திருந்தால், மாதத்தின் முதல் ஞாயிறு காலை கிளைக் காரியாலயத்துக்கு வாருங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், தோட்டத்தின் பேர், டிவிஷன் பேர், வேலை செய்த வருடம் ஓரளவு தெரிந்தால் போதும். அட்டை தொலைந்திருந்தால் பரவாயில்லை. நம்பர் ஞாபகம் இருந்தால் வழியில் மறந்துவிடாமல் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். கே படிவம் நிரப்ப நாங்கள் இருக்கிறோம், காசு ஒன்றும் வேண்டாம். அதை நிரப்பித் தர ஐந்நூறு ரூபா கேட்கிற ஆட்கள் பஸ் நிலையத்தடியில் நிற்பதாகக் கேள்வி. அவர்களிடம் அடையாள அட்டையைக் கொடுக்க வேண்டாம்.